ஒட்டுக்கல் சுவருக்குப் பாயிண்டிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் சுவரில் தாங்களே கல் ஒட்டியவர்கள், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள இடுக்கைச் சிமெண்ட் கலவையால் நிரப்பும் பாயிண்டிங் கட்டத்துக்கு வந்ததும் கேட்கும் கேள்விகள் இவை. சுவரின் அழகில் பாதி இந்தக் கடைசி வேலையில்தான் இருக்கிறது. இதில் கெட்டுப்போகிற சுவர்களில் பெரும்பாலானவை தண்ணீராலோ அவசரத்தாலோதான் கெடுகின்றன. கலவையில் தண்ணீர் கூடிவிடும், ஈரத் துணியால் துடைத்துவிடுவார்கள், இல்லையென்றால் கலவை இறுகும் முன்பே கையை வைத்துவிடுவார்கள். கீழே உள்ள பதில்களில் பல இந்த இரண்டையும் சுற்றியே வரும்.

கல் ஒட்டி முடித்துவிட்டேன். இன்றே பாயிண்டிங் செய்யலாமா?

வேண்டாம். குறைந்தது 24 மணி நேரம் போகட்டும். குளிர் நாளாக இருந்தால், அல்லது கல் கனமாக இருந்தால், இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லுக்குப் பின்னால் உள்ள கலவை பிடிக்கும் முன் இடுக்கில் கலவையை அழுத்தினால் கல் லேசாக அசையும். அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பிடிப்பு அறுந்துவிடும், கல் கழன்று விழும் நாளில்தான் தெரியவரும்.

தொடங்கும் முன் ஒவ்வொரு கல்லையும் கரணையின் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. உள்ளே காலியாக இருப்பதுபோல் மந்தமாக ஒலித்தால் அந்தக் கல்லை எடுத்து மறுபடி ஒட்டிவிடுங்கள். பாயிண்டிங் முடிந்தபிறகு ஒரு கல்லை எடுப்பதென்றால் சுற்றியுள்ள இடுக்கையெல்லாம் உடைக்க வேண்டியிருக்கும்.

இடுக்கை நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

கல்லைக் கல்லோடு நெருக்கி ஒட்டும் வகையென்றால் வேண்டியதில்லை. அந்த வகைக் கற்களின் விளிம்பே அதற்காகச் சமமாக வெட்டப்பட்டிருக்கும். ஆற்றுக் கல், ஒழுங்கில்லாத பாறைத் துண்டு, இடைவெளி விட்டு ஒட்டிய சதுரக் கல் இவற்றுக்கெல்லாம் நிரப்பத்தான் வேண்டும். அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. வெளிச்சுவரில் இடுக்கு திறந்திருந்தால் மழைநீர் நேராகக் கல்லின் பின்பக்கம் போய்ச் சேரும்.

இடுக்கு 10 முதல் 12 மி.மீ. வரை இருந்தால் வேலை சுலபம். 25 மி.மீ.க்கு மேல் அகன்ற இடம் இருந்தால் கலவையை அப்பி மறைக்காதீர்கள். சின்னக் கல் துண்டு ஒன்றை உடைத்து அங்கே ஒட்டிவிட்டு, அப்புறம் நிரப்புங்கள். அகலமாக அப்பிய கலவை காயும்போது சுருங்கி வெடிக்கும், தள்ளி நின்று பார்த்தாலும் ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும்.

எந்தக் கலவை நல்லது?

பாயிண்டிங்குக்கென்றே மூட்டையில் வரும் தயார் கலவை இருந்தால், முதல்முறை செய்பவர்களுக்கு அதைத்தான் சொல்வேன். மூட்டைக்கு மூட்டை விகிதம் மாறாது என்பதுதான் அதன் பெரிய லாபம். நீங்களே கலப்பதானால் 1 பங்கு சிமெண்டுக்கு 3 பங்கு சலித்த நயமான மணல். சுண்ணாம்பு சேர்த்தால் கலவை வழவழப்பாக இழையும், காய்ந்தபிறகு எளிதில் விரிசல் விடாது. அமெரிக்கத் தர நிர்ணயமான ஏஎஸ்டிஎம் சி 270 ‘என்’ வகை என்று சொல்வது, வழக்கமாக 1 பங்கு சிமெண்ட், 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 6 பங்கு மணல் என்ற கலவை. ‘எஸ்’ வகை அதைவிட வலுவானது. அதில் சிமெண்ட் 1, சுண்ணாம்பு அரை, மணல் நாலரை. கல்லை ஒட்டுவதற்கு ‘எஸ்’ நல்லது. இடுக்குக்கு ‘என்’ போதும். மென்மையான மணற்கல்லாக இருந்தால் ‘என்’தான் பொருத்தமும்கூட, ஏனென்றால் இடுக்கு கல்லைவிடக் கடினமாக இருக்கக் கூடாது.

சிமெண்டைக் கூட்டினால் வலு கூடும் என்று நினைத்து ஒன்றுக்கு ஒன்று கலப்பவர்கள் இருக்கிறார்கள். அதிகச் சிமெண்ட் அதிகமாகச் சுருங்கும். முடி போன்ற விரிசல் வர அதுவே போதும். கடல் மணல் கூடவே கூடாது, அதிலுள்ள உப்பு பின்னால் வெள்ளையாகப் பூக்கும்.

எவ்வளவு கலவை தேவைப்படும் என்று எப்படிக் கணக்கிடுவது?

இடுக்கின் அகலம் 12 மி.மீ., ஆழம் 25 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் நீள இடுக்குக்கு 0.3 லிட்டர் கலவை பிடிக்கும். கல் ஏறக்குறைய 30 செ.மீ. நீளம், 15 செ.மீ. உயரம் என்றால் ஒரு சதுர மீட்டர் சுவரில் சுமார் 10 மீட்டர் இடுக்கு வரும். அதாவது சதுர மீட்டருக்கு 3 லிட்டர். 10 சதுர மீட்டர் சுவருக்கு 30 லிட்டர், கீழே சிந்துவதற்கும் கலவையைப் பிதுக்கும் பையில் தங்குவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 36 லிட்டர். ஒழுங்கில்லாத கல்லுக்கும், கல்லின் விளிம்பு மறையும்படி அப்பும் பாணிக்கும் இதைவிட அதிகம் வேண்டும்.

நிறம் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஈரமாக இருக்கும்போது பிடித்த நிறம் காய்ந்ததும் மாறிவிடுகிறதே?

மாறத்தான் செய்யும். சிமெண்ட் கலவை காயும்போது வெளிறும். அதனால் ஒரு பலகையில் மீந்த கற்களை நான்கைந்து ஒட்டி, இடுக்கை நிரப்பி, சில நாள் நன்றாகக் காயவிட்டு, சுவர் இருக்கும் வெளிச்சத்திலேயே வைத்துப் பாருங்கள். கல்லின் முக்கிய நிறத்தைவிட ஒரு படி வெளிறிய இடுக்கு கல்லை எடுத்துக்காட்டும். அதே சாயலில் இருந்தால் சுவர் முழுக்க ஒரே பரப்பாகத் தெரியும். வெளிர் கல்லுக்கு நடுவே கரும் இடுக்கு போட்டால் கண் கோடுகளின் மேல்தான் போகும், கல்லின் மேல் போகாது. எனக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் சீரான சதுரக் கல்லுக்கு எடுப்பாக இருக்கும்.

நிறப்பொடி சேர்த்தால் இரும்பு ஆக்சைடு வகைப் பொடியாக இருக்கட்டும், வெயிலில் வெளுக்காது. சிமெண்டின் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, போனால் வலு குறையும். தண்ணீரையும் பொடியையும் அளந்தே ஊற்றுங்கள். ஒரு குழையலில் தண்ணீர் கூடினாலும் அந்தப் பகுதி மட்டும் வெளிறி நிற்கும். நடுச் சுவரில் நிறம் மாறினால் எதைக் கொண்டும் மறைக்க முடியாது. அதனால் ஒரு முகச் சுவரை ஒரே நாளில் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மூலையிலோ ஜன்னல் ஓரத்திலோ நிறுத்துங்கள்.

நிரப்பும் முன் கல்லை நனைக்க வேண்டுமா?

வெயில் காலத்திலும், தண்ணீரை உறிஞ்சும் மணற்கல், சிமெண்டில் வார்த்த செயற்கைக் கல் போன்றவற்றுக்கும் இடுக்கின் உள்பக்கத்தை லேசாக ஈரப்படுத்துங்கள். தெளிப்பானில் ஒரு தூவல் போதும். தண்ணீர் மினுமினுக்கக் கூடாது, வழியக் கூடாது. ஈரம் இல்லாவிட்டால் கல் கலவையிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கலவை பிடிக்காமல் பொடியாகும். கிரானைட் போன்ற இறுகிய கல் உறிஞ்சாது. அதை நனைக்க வேண்டாம்.

கலவைப் பையை எப்படிப் பயன்படுத்துவது? கரணையாலேயே அப்பக் கூடாதா?

கரணையால் அப்பினால் கல்லின் முகமெல்லாம் கலவையாகிவிடும். முனை வெட்டிய கூம்புப் பைதான் இதற்கு ஏற்றது. முனையின் வாய் இடுக்கின் அகலத்தைவிடச் சற்றே சிறியதாக, சுமார் 10 மி.மீ. இருக்கட்டும்.

கலவை பற்பசையைப் போல் இருக்க வேண்டும்: பிதுக்கினால் எளிதாக வர வேண்டும், வந்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும். வழிந்தால் தண்ணீர் அதிகம். பையை முறுக்கும்போது கை வலித்தால் தண்ணீர் போதவில்லை, அல்லது மணலில் சல்லி கிடக்கிறது. தயார் கலவையைக் குழைத்தபின் பத்து நிமிடம் சும்மா விட்டு, மறுபடி ஒருமுறை கிளறிவிட்டுப் பையில் போடுங்கள். முதலில் கெட்டியாகத் தெரிந்தது அந்தப் பத்து நிமிடத்தில் இளகிவிடும். அவசரப்பட்டுத் தண்ணீர் சேர்த்திருந்தால் அது கூடுதலாகப் போயிருக்கும்.

பையைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். வாயை முறுக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாக வேலை செய்யுங்கள். அப்போதுதான் சிந்துவது முடிக்காத பகுதியில் விழும். முனையை இடுக்கின் அடிவரை செருகி, பின்பக்கம் நிரம்பி முன்னால் வரும்வரை பிதுக்கியபடி மெதுவாக நகர்த்துங்கள். இடுக்கின் வாயில் மட்டும் கலவை வைத்துக்கொண்டு போனால் பார்க்க நிரம்பியதுபோல் இருக்கும், பின்னால் காலியாக இருக்கும். அங்கேதான் தண்ணீர் தேங்கும். கல்லின் முகத்தைவிடச் சிறிது புடைத்து நிற்கும்படி நிரப்புங்கள், மிச்சத்தைப் பிறகு சீவி எடுக்கலாம்.

ஒரு குழையலை இரண்டரை மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். கலவைச் சட்டியில் இறுகத் தொடங்கிய நிறக் கலவையில் தண்ணீர் ஊற்றி மறுபடி குழைக்காதீர்கள்.

எப்போது சீவி, தேய்க்க வேண்டும்?

இந்த வேலையின் உயிர்நாடி இதுதான். கடிகாரத்தை நம்ப முடியாது. வெயில், காற்று, கல்லின் உறிஞ்சும் தன்மை இவற்றைப் பொறுத்து அரை மணியிலும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம். ஒரே சுவரில் வெயில் படும் பக்கம் முன்பே தயாராகிவிடும்.

கட்டைவிரலால் இடுக்கை அழுத்திப் பாருங்கள். ரேகை பதிய வேண்டும், ஆனால் விரலில் கலவை ஒட்டக் கூடாது, அழுத்திய இடத்தில் ஈரம் ஊறி மினுங்கக் கூடாது. இன்னொரு சோதனை: ஒரு மரக்குச்சியால் புடைத்த பகுதியைக் கீறுங்கள். கலவை துகள் துகளாக உதிர்ந்தால் நேரம் வந்துவிட்டது. குச்சியோடு இழுபட்டுப் பிசுபிசுவென்று வந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். கீறும்போது கரகரவென்று சத்தம் வந்து, குச்சியின் தடமே விழவில்லை என்றால் தாமதமாகிவிட்டது.

சரியான நேரத்தில் குச்சியாலோ ஒடுக்கமான இடுக்குக் கரணையாலோ மிச்சத்தைச் சீவி எடுத்துவிட்டு, கல்லின் விளிம்பை ஒட்டி உள்நோக்கி அழுத்தித் தேயுங்கள். இந்த அழுத்தம் முக்கியம். கலவை கல்லின் விளிம்போடு இறுகச் சேர்வதும் தண்ணீர் புகும் நுண்ணிய கீறல் மூடுவதும் அப்போதுதான். நெடுக்கு இடுக்குகளை முதலில், கிடை இடுக்குகளைப் பிறகு முடித்தால் கோடு சீராக ஓடும். பிறகு காய்ந்த நார் பிரஷால் லேசாகத் துலக்கிவிடுங்கள், இடுக்கின் மேல் நிற்கும் துகளெல்லாம் போய்விடும்.

ஒரு பகுதியை ஈரமாகவும் இன்னொன்றை இறுகியபிறகும் தேய்த்தால் இரண்டும் வெவ்வேறு நிறமாகக் காயும். தாமதமாக அழுத்தித் தேய்த்த இடம் கருக்கும். அதனால் எல்லா இடத்தையும் ஒரே இறுக்கத்தில் தேய்ப்பது அவசியம். ஒருவர் நிரப்பிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னால் விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வருவது நல்ல ஏற்பாடு. தனியாகச் செய்தால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு சதுர மீட்டருக்கு மேல் நிரப்பாதீர்கள்.

இடுக்கு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும்?

கல்லின் முகத்திலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளியிருந்தால் நிழல் விழுந்து கல் எடுப்பாகத் தெரியும். ஆனால் மழை நேராக அடிக்கும் சுவரில் அந்தப் படியில் தண்ணீர் நிற்கும். அங்கே லேசாகக் குழிந்த வடிவமே நல்லது. உருண்டை வளைவுள்ள தேய்ப்பானால் அழுத்தினால் அது வந்துவிடும். கல்லின் விளிம்பு மறையும்படி அப்பும் பழங்காலப் பாணி ஒழுங்கில்லாத கல்லுக்குப் பொருந்தும், சின்னச் சின்னக் குறைகளையும் மறைக்கும்.

கல்லின் மேல் கலவை பட்டுவிட்டது. ஈரத் துணியால் துடைக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஈரமாகத் துடைத்தால் கலவை போய்விட்டதுபோல் தெரியும். உண்மையில் சிமெண்ட் பால் கரைந்து கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கியிருக்கும். காய்ந்ததும் சாம்பல் பூசியதுபோல் ஒரு திரை வரும். செயற்கைக் கல்லில் அது ஏறக்குறைய நிரந்தரம்.

விழுந்த கட்டியை விழுந்தபடியே விடுங்கள். இடுக்கைத் தேய்க்கும் அதே இறுக்கத்துக்கு அது வந்ததும் கரணையின் நுனியால் தட்டினால் வில்லையாகக் கழன்றுவிடும். மிச்சத் தூளைக் காய்ந்த நார் பிரஷால் துலக்கினால் போதும். கம்பிப் பிரஷ் வேண்டாம். அது கல்லைக் கீறும், உதிரும் கம்பித் துணுக்குகள் துருப்பிடித்துக் கறையாகும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்டது. ஆசிட் போட்டுக் கழுவலாமா?

செயற்கைக் கல்லுக்கு ஆசிட் வேண்டவே வேண்டாம். அந்தக் கல்லே சிமெண்டில் வார்த்தது, நிறமும் மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஆசிட் இரண்டையும் அரிக்கும். சுண்ணாம்புக் கல், பளிங்கு இவற்றையும் ஆசிட் கரைத்துவிடும். முதலில் மரக்குச்சியாலோ, அதே கல்லின் துண்டு ஒன்றாலோ மெல்லத் தேய்த்துப் பாருங்கள். இறுகிய இயற்கைக் கல்லுக்கென்று விற்கும் சிமெண்ட் கறை நீக்கியை, கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்தபின் பயன்படுத்தலாம். அதற்கு முன் சுவரை நன்றாக நனைக்க வேண்டும், பின்னர் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

எந்த இடங்களில் கலவை நிரப்பக் கூடாது?

மூன்று இடங்கள். ஒன்று, சுவரின் அடியில் தண்ணீர் வெளியேற விட்டிருக்கும் இடைவெளியும் துளைகளும். கல்லின் பின்னால் போகும் தண்ணீருக்கு அதுதான் வழி, அடைத்தால் தண்ணீர் சுவருக்குள்ளேயே தங்கும். வெளிச்சுவரில் கல் மண்ணிலிருந்து 100 மி.மீ. உயரத்திலும், தளம் போட்ட இடத்தில் 50 மி.மீ. உயரத்திலும் நின்றுவிட வேண்டும் என்பது பொது விதி. இரண்டு, ஜன்னல், கதவுச் சட்டங்களை ஒட்டிய விளிம்பு. மரமும் உலோகமும் வெயிலில் விரியும், கல் அந்த அளவுக்கு விரியாது, கலவை நடுவில் நசுங்கி உதிரும். அங்கே 10 மி.மீ. இடைவெளி விட்டு, நுரைக் கயிறு செருகி, வெளிச்சுவருக்கான சீலண்ட் (நெகிழ்ந்து கொடுக்கும் அடைப்புப் பசை) பூசுங்கள். மூன்று, கட்டடத்திலேயே விட்டிருக்கும் விரிவு இடைவெளி. அதன்மேல் கல் இடுக்கை ஓட்டினால் அதே கோட்டில் வெடிக்கும்.

முடித்தபிறகு தண்ணீர் காட்ட வேண்டுமா?

வேண்டும், ஆனால் குழாயைத் திறந்து அடிக்காதீர்கள். முதல் 24 மணி நேரம் மழையும் நேரடி வெயிலும் படாமல் மறைத்துவையுங்கள். மறைப்புச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி இருக்கட்டும். அடுத்த நாளிலிருந்து இரண்டு மூன்று நாள், வெயில் கடுமையாக இருந்தால் மட்டும், தெளிப்பானால் பனிபோல் தூவிவிடுங்கள். நிறக் கலவையில் திட்டுத்திட்டாகத் தண்ணீர் பட்டால் திட்டுத்திட்டாகவே வெளுக்கும். 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகும் நாளில் வேலையே தொடங்க வேண்டாம். கலவையிலுள்ள தண்ணீர் உறைந்தால் இடுக்கு நொறுங்கிவிடும்.

ஒரு மாதத்தில் இடுக்கில் வெள்ளையாகப் பூத்துவிட்டது. ஏன்?

சிமெண்டில் கரையக்கூடிய சுண்ணாம்பும் உப்பும் இருக்கின்றன. ஈரம் வெளியே வரும்போது அவற்றையும் கூட்டிவரும். தண்ணீர் ஆவியாகிவிடும், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் படியும். புதுச் சுவரில் இது சாதாரணம், சில மாதங்களில் தானே குறையும். காய்ந்த பிரஷால் துலக்கியபின் தண்ணீரில் அலசுங்கள். செயற்கைக் கல்லில் விடாப்பிடியாக இருந்தால் 1 பங்கு வெள்ளை வினிகர், 5 பங்கு தண்ணீர் கலந்து துலக்கி, உடனே அலசிவிடலாம். சுண்ணாம்புக் கல்லுக்கு வினிகரும் ஆகாது.

துலக்கத் துலக்கப் பூத்துக்கொண்டே இருந்தால் இடுக்கைக் குறை சொல்லாதீர்கள். எங்கிருந்தோ சுவருக்குள் தண்ணீர் இறங்குகிறது. சுவரின் உச்சி மூடிக்கல், ஜன்னலின் மேல்பக்கம், அடியிலுள்ள வடிகால் இடைவெளி ஆகியவற்றைப் பாருங்கள்.

முடிபோல் விரிசல் விட்டிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இடுக்குக்குள்ளேயே நின்றுவிடும் நுண்விரிசல் சுருக்கத்தால் வருவது, ஆபத்தில்லை. விரிசல் படிக்கட்டுபோல் இடுக்கு இடுக்காக ஏறிப்போனாலோ, கல்லையும் சேர்த்துப் பிளந்தாலோ பின்சுவரே அசைகிறது என்று அர்த்தம். கல் பதிப்பைச் சரிசெய்யும் முன் பொறியாளர் ஒருவரிடம் சுவரைக் காட்டுங்கள்.

சீலர் (தண்ணீரும் கறையும் ஏறாமல் காக்கும் பூச்சு) பூசலாமா?

அடுப்பங்கரை, குளியலறை, அழுக்கு தெறிக்கும் வாசற்பக்கம் இவற்றுக்குப் பூசலாம். மற்ற இடங்களில் கட்டாயமில்லை. 28 நாள் கழித்து, சுவர் நன்றாக உலர்ந்தபிறகு, உள்ளிருக்கும் ஈரம் ஆவியாக வெளியேற விடும் சிலேன், சிலாக்சேன் வகைச் சீலரைப் பூசுங்கள். பளபளக்கும் அக்ரிலிக் படலம் வெளிச்சுவருக்கு ஆகாது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் படலம் உரிந்து வெண்திட்டாகும்.

பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

கையுறை, கண்ணாடி, உலர்ந்த கலவையைக் கொட்டும்போதும் கல் வெட்டும்போதும் என்95 முகக்கவசம். ஈரச் சிமெண்ட் கடும் காரம். வெறுங்கையில் மணிக்கணக்காக வேலை செய்தால் தோல் வெந்து புண்ணாகும், அந்த நேரத்தில் வலியும் தெரியாது. கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போங்கள்.

பழைய சுவரில் இடுக்கு உதிர்கிறது. மேலாகப் பூசினால் போதாதா?

நிற்காது, சீக்கிரமே தகடாக உரிந்துவிடும். பழைய கலவையை இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழத்துக்கு, கல்லின் தடிமன் அனுமதிக்கும்வரை, ஒடுக்கமான உளியால் கொத்தி எடுக்க வேண்டும். கிரைண்டர் வேகமாக வேலை செய்யும், ஆனால் கை ஒரு நூல் தவறினாலும் கல்லின் விளிம்பில் வெட்டு விழும். அது மறையவே மறையாது. தூசியைப் பிரஷால் எடுத்து, லேசாக ஈரப்படுத்தி, ஆழமான இடத்தில் 6 மி.மீ. அடுக்குகளாக, ஒவ்வொன்றும் விரல் ரேகை பதியும் அளவுக்கு இறுகியபின் அடுத்ததை வைத்து நிரப்புங்கள். புதுக் கலவையின் நிறம் பழையதோடு சேர்கிறதா என்று பார்க்க, முதலில் கீழ் மூலையில் ஓரடி நீளம் செய்து, ஒரு வாரம் காயவிட்டுப் பார்த்துவிட்டு மேலே போங்கள்.